எரிமலை அடிவாரத்தில் இரண்டு ராத்திரி: பாலி போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கோடை விடுமுறைக்குப் பாலித் தீவு போகும் நம்ம ராமநாதபுரம் கடலோரச் சொந்தங்கள், கிந்தாமணிப் பக்கம் பாத்தூர் எரிமலையையும் அங்கே இருக்கும் மூங்கில் வீடுகளையும் பற்றிக் கேட்டிருந்தார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கீழக்கரை: சின்னப் பிள்ளைகளோடு எரிமலைக்குப் பக்கத்தில் தங்கப் பயமில்லையா காக்கா?

பாத்தூர் கடைசியாகச் சீறியது 2000-ல். 1926-ல் அடிவாரத்து ஊரையே லாவா மூடிவிட்டது. தனுஷ்கோடிக்காரர்கள் 1964-க்குப் பிறகு இடம் மாறியது போல, அந்த ஊர்க்காரர்களும் கோயிலை மேலே, எரிமலையைச் சுற்றியிருக்கும் பெரிய பள்ளத்தின் விளிம்புக்கு மாற்றிக்கொண்டு குடியேறினார்கள். ஆனாலும் கீழே பள்ளத்துக்குள் இருக்கும் ஏரிக்கரையில் இன்றைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், சின்ன வெங்காயம் போடுகிறார்கள். இந்தோனேசிய அரசு எரிமலைகளுக்கு நான்கு எச்சரிக்கை நிலை வைத்திருக்கிறது. முதல் நிலை என்றால் தைரியமாகப் போங்கள். இரண்டு என்றால் ஏறுவதை விட்டுவிடுங்கள். அதற்கு மேல் போனால் அந்தப் பக்கமே வேண்டாம்.

என்னைக் கேட்டால், சாம்பலால் விமானம் ரத்தாவதுதான் நிஜமான தொல்லை. 2024 நவம்பரில் புளோரஸ் தீவில் லெவோதோபி எரிமலை வெடித்தபோது, அவ்வளவு தூரத்தில் இருக்கும் பாலியில் விமானங்கள் நின்றன. திரும்பி வந்த மறுநாளே வேலைக்குப் போகிற மாதிரித் திட்டம் போடாதீர்கள். பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்டி: எந்த வழியாகப் போவது?

நமக்குத் திருச்சிதான் வசதி. கோலாலம்பூரில் மாறி, பாலியின் விமான நிலையம் இருக்கும் டென்பசார் போகலாம். நேரடி விமானம்தான் வேண்டும் என்றால் பெங்களூர். இறங்கியதும் விசா தருகிறார்கள், தலைக்கு 5 லட்சம் ருப்பியா (இந்தோனேசியப் பணம்). சுற்றுலா வரி 1.5 லட்சம் தனி. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து கிந்தாமணிக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் போய்விட்டு அன்றைக்கே திரும்புகிற டூரை நான் யாருக்கும் சொல்வதில்லை. வாந்தி எடுத்த பிள்ளையோடு அரை மணி நேரம் மலையைப் பார்ப்பதற்கா அவ்வளவு செலவு?

ராமநாதபுரம்: மூங்கில் வீடு படத்தில் ஜோராக இருக்கிறது. நேரிலும் அப்படித்தானா?

அழகுதான், ஆனால் குளிரும். விளிம்பில் இருக்கும் இடங்கள் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். நம்ம ஊர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் ஆகாது. மூங்கில் சுவரில் இடுக்கு இருக்கும், காற்றும் பூச்சியும் உள்ளே வரும், பக்கத்து அறையில் இருமினால் கேட்கும். பதிவு செய்வதற்கு முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள்: வெந்நீர் எதில் வருகிறது, கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, கார் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படி. மூன்றாவதைக் கேட்காமல் போய் வயதானவர்களைக் கைத்தாங்கலாக ஏற்றினவர்கள் நிறைய.

விளிம்பா, ஏரிக்கரையா என்றால் எனக்கு ஏரிக்கரைதான். மேலே மூடுபனி விழுந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. கீழே இருந்தால் தோயா புங்கா என்ற ஏரிக்கரை ஊரில் வெந்நீர் ஊற்றுக் குளங்கள் பக்கம், குளிரும் குறைவு. தோட்டத்துக்குப் போடும் கோழி எருவால் ஈத்தொல்லை உண்டு. கருவாடு காயும் களத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றும் புதிதில்லை!

மண்டபம்: பன்னிரண்டு வயசுப் பையன் மலை ஏறலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி.

பையன் ஏறுவான். உயரம் 1,717 மீட்டர், அடிவாரத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரம். சூரிய உதயம் பார்க்க விடிகாலை நாலு மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டும், உள்ளூர் வழிகாட்டியும் வேண்டும். எரிமலைச் சரளை என்பதால் இறங்கும்போதுதான் வழுக்கும். செருப்போடு அனுப்பாதீர்கள். மலைக்குக் கூட்டிப்போகும் ஜீப்பிலும் அம்மாவை ஏற்றாதீர்கள், அது குலுக்குகிற குலுக்கில் இடுப்பும் போய்விடும். வெந்நீர்க் குளத்தில் காலை விட்டு உட்காரட்டும்.

பாம்பன்: மீன் கிடைக்குமா?

கிடைக்கும், ஏரி மீன். முஜாயிர் என்பார்கள். பார்த்தால் தெரிந்துவிடும், நம்ம ஜிலேபி மீன். மசாலாவில் வேகவைத்துக் கொடுப்பது அந்த ஊர்ச் சிறப்பு. சீலா மீனும் பாறை மீனும் சாப்பிட்ட நாக்குக்குச் சுமார்தான். பாலியில் பன்றிக்கறி சகஜம், ஹலால் வேண்டுபவர்கள் பாடாங் (சுமத்ரா முஸ்லிம்களின் சமையல்) சாப்பாட்டுக் கடையைத் தேடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் சம்பலில் (மிளகாய்த் துவையல்) இறால் விழுது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

தேவிபட்டினம்: மே மாதம் மழையா?

இல்லை, வறண்ட பருவம். நவம்பர் முதல் மார்ச் வரைதான் மழை.

ஏர்வாடி, ஏழாம் வகுப்பு: நம்ம கடலில் ஏன் எரிமலை இல்லை மாமா?

நல்ல கேள்வி கண்ணு. பாலிக்குத் தெற்கே கடலடியில் ஒரு பெரிய பாறைத்தட்டு இன்னொன்றுக்கு அடியில் புகுந்துகொண்டே இருக்கிறது. கீழே போகும் தட்டு தண்ணீரையும் கொண்டுபோவதால், அதற்கு மேலே இருக்கும் பாறை சீக்கிரம் உருகி எரிமலையாக வருகிறது. நாம் இருப்பது தட்டின் ஓரத்தில் இல்லை, உள்ளே. அதே ஓரம் சுமத்ரா வழியாக வடக்கே அந்தமான் வரை போகிறது. அங்கே பாரன் தீவு (Barren Island) என்று ஒன்று, இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை. அங்கே மூங்கில் வீடும் கிடையாது, ஊரும் கிடையாது, கப்பலிலிருந்து பார்ப்பதோடு சரி.