ஐ7 என்று எழுதிவிட்டால் கேமிங் கம்ப்யூட்டர் ஆகிவிடுமா?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டியில் இருக்கிறோம். வீட்டை ஒட்டியே நாலு விசைத்தறி ஓடுகிறது. பையன் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம், கேம் ஆடவும் படிக்கவும் கம்ப்யூட்டர் கேட்கிறான். மானிட்டர் சேர்த்து 60,000 ரூபாய் வரை போடலாம் என்றிருக்கிறேன். ஒரு கடையில் கொடுத்த கொட்டேஷன்: ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ், லைட் எரியும் கேமிங் கேபினெட், மொத்தம் 38,000, மானிட்டர் தனி. எனக்கு லாபமாகத்தான் தெரிகிறது. பையன், 'இதுக்கு வாங்காமலே இருக்கலாம்' என்கிறான். யார் சொல்வது சரி?

பையன் சொல்வதுதான் சரி அண்ணா. கடைக்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல வரவில்லை, சீட்டில் இருப்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் எழுதாமல் விட்டதைப் பாருங்கள். ஐ7 என்று இருக்கிறது, அந்த இன்டெல் பிராசசர் எத்தனையாவது தலைமுறை என்று இல்லை. 4 ஜிபி கார்டு என்று இருக்கிறது, கார்டின் பெயர் இல்லை. 500 வாட் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி, என்று இருக்கிறது, யார் தயாரித்தது என்று இல்லை. மாடல் எண் இல்லாத கொட்டேஷனை வைத்து விலை மலிவா அதிகமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த விலைக்கு ஐ7 கொடுக்கிறார்கள் என்றால் அது அநேகமாக ஆபீஸ்களில் கழித்துவிட்ட கம்ப்யூட்டரில் இருந்து எடுத்த 3ஆம் அல்லது 4ஆம் தலைமுறை, அதாவது 2012, 2013 வாக்கில் வந்த சரக்கு. 2022இல் வந்த ஐ3 12100எஃப் என்ற சின்ன பிராசசரே அதைத் தாண்டி ஓடும், இத்தனைக்கும் இரண்டிலும் கோர், அதாவது உள்ளே வேலை செய்யும் பகுதிகள், நாலுதான். வேகம் மட்டும் பிரச்சினை இல்லை. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவது இன்டெல்லில் 8ஆம் தலைமுறையில் இருந்துதான், விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. ஏதோ வித்தை செய்து 11ஐ ஏற்றிக் கொடுப்பார்கள், அப்புறம் பையன் வாலரண்ட் என்ற கேமைப் போட்டால் அது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆடவிடாமல் வெளியே தள்ளும்.

4 ஜிபி கார்டு என்பது, என் அனுமானம், ஜிடி 730. 2014இல் வந்தது. கார்டில் எத்தனை ஜிபி என்பது இடம் மட்டுமே, அந்த இடத்தில் இருந்து எவ்வளவு வேகமாக எடுக்கிறது என்பதுதான் கேமில் தெரியும். டிடிஆர்3 மெமரி போட்ட ஜிடி 730 வினாடிக்கு 30 ஜிபியைக்கூடத் தொடாது, பின்னால் நான் சொல்லப்போகும் ஆர்எக்ஸ் 6600 கார்டு வினாடிக்கு 224 ஜிபி எடுக்கும். பெயர் இல்லாமல் '4 ஜிபி' என்று மட்டும் சீட்டில் எழுதுவதன் சூட்சுமம் இதுதான்.

சரி, எப்படி வாங்குவது. கேமுக்கென்றால் முதலில் கிராபிக்ஸ் கார்டை முடிவு செய்துவிட்டு, மிச்சப் பணத்தில் மற்றதைப் பொருத்த வேண்டும். நம் ஊரில் பிராசசரில் ஆரம்பித்து கடைசியில் மிஞ்சியதற்கு ஒரு கார்டு என்று போகிறார்கள், கெடுவது அங்கேதான். உங்கள் 60,000இல் 20 முதல் 22 ஆயிரம் வரை கார்டுக்கே ஒதுக்குங்கள். இந்த அளவில் என் தேர்வு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. 2021இல் வந்ததுதான், ஆனாலும் சாதாரண 1080பி மானிட்டரில் ஆட இன்றைக்கும் தாராளம், இழுப்பதும் 132 வாட்தான். கடையில் ஆர்டிஎக்ஸ் 3050 எடுத்துக் காட்டினால் 8 ஜிபியா 6 ஜிபியா என்று கேளுங்கள், ஏனென்றால் 2024இல் வந்த 6 ஜிபி மாடலில் மெமரி மட்டும் குறையவில்லை, உள்ளே கோர்களையும் குறைத்துவிட்டு பெயரை மட்டும் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வேண்டவே வேண்டாம், 8 ஜிபியில் இருந்தாலும்.

பிராசசருக்கு ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5 12400எஃப், இரண்டிலும் ஆறு கோர், எது அன்றைக்கு மலிவாகக் கிடைக்கிறதோ அது. இதற்கு மேல் யோசிக்காதீர்கள். பாக்ஸோடு வாங்குங்கள், டிரே என்று பாக்ஸ் இல்லாமல் கொடுப்பதற்குக் கம்பெனி வாரண்டி இருக்காது, கடைக்காரர் வாய் வார்த்தைதான், பாக்ஸில் வரும் கூலரும் கிடைக்காது.

மதர்போர்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்டெல் பக்கம் எச்610 போர்டு டிடிஆர்4க்கு ஒன்று, டிடிஆர்5க்கு ஒன்று என்று இரண்டு வகையாக வருகிறது, ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது. ஏஎம்டி பக்கம் பி450 அல்லது பி550 போதும், பி450 பழைய ஸ்டாக்காக இருந்தால் போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற புரோகிராமை அப்டேட் செய்யாமல் 5600 எழுந்திருக்காது, அதைக் கடையிலேயே செய்து கொடுக்கச் சொல்லுங்கள்.

ராம் 16 ஜிபி, ஆனால் ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டு. இரண்டு வழியில் எடுக்கும்போது கேம் தடங்கல் இல்லாமல் ஓடும். ஏஐ சர்வர்களுக்கு விற்பதில் மெமரி கம்பெனிகளுக்கு லாபம் அதிகம் என்றாகிவிட்டதால் 2025 கடைசியில் இருந்து ராம் விலையும் எஸ்எஸ்டி விலையும் எகிறிவிட்டன, நான் இங்கே ஒரு தொகை எழுதினால் நீங்கள் கடைக்குப் போவதற்குள் மாறியிருக்கும். கேம்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி, என்விஎம்இ என்ற வேகமான வகையில் 500 ஜிபி போதும். ஜிடிஏ 5 ஒன்றே 100 ஜிபிக்கு மேல் பிடிக்கும் என்பதால் ஒரே சமயம் நாலைந்து பெரிய கேம்தான் வைத்துக்கொள்ள முடியும், படிக்கிற பையனுக்கு அது நல்லதுதானே.

இப்போது எஸ்எம்பிஎஸ். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை கார்டுக்கு அடுத்து முக்கியம் இதுதான், கொட்டேஷனில் கடைசி வரியில் இருந்தாலும். வெளியே 1 எச்பி என்று பிளேட் அடித்துவிட்டு உள்ளே காயில் கம்பியைக் குறைத்துச் சுற்றின மோட்டாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாத 500 வாட் எஸ்எம்பிஎஸ் அதே ஜாதி. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், ஏனென்றால் கார்டும் பிராசசரும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டில்தான். 16 ஆம்பியர் என்று இருந்தால் 12ஆல் பெருக்கினால் 192 வாட், 500 எங்கே போனது? 36 ஆம்பியர் இருந்தால் 432 வாட், நான் சொன்ன செட்டுக்கு அது போதும், கேம் ஓடும்போது முழுக் கம்ப்யூட்டரும் சுமார் 250 வாட்தான் இழுக்கும். 80 பிளஸ் முத்திரை கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டும்தான், ஆனாலும் அதுகூட இல்லாததை வாங்க வேண்டாம்.

அதே ஸ்டிக்கரில் இன்புட் வோல்டேஜும் இருக்கும். சில எஸ்எம்பிஎஸ்களில் 200–240 என்றும் சிலவற்றில் 100–240 என்றும் போட்டிருப்பார்கள். தறி மோட்டார் எடுக்கும்போது வீட்டில் டியூப்லைட் ஒரு கணம் மங்குகிறதா? அப்படியென்றால் 100–240 உள்ளதையே வாங்குங்கள், இதற்கு நாலாயிரம் வரை போனாலும் போகட்டும். தறிக்கு இலவச யூனிட் இருக்கிறதே என்று அந்த இணைப்பில் இருந்து கம்ப்யூட்டருக்கு வயர் இழுக்காதீர்கள், அது சட்டத்துக்கும் ஆகாது, கம்ப்யூட்டருக்கும் ஆகாது. வீட்டு லைனில், எர்த் உள்ள பிளக்கில் மாட்டுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று லேசாக அடிக்கிறது என்று பையன் சொன்னால் கம்ப்யூட்டரைத் திட்டுவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள்.

யூபிஎஸ் அவசியம். 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட் தாங்கும், கரண்ட் போனால் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும், அதற்குத்தான் அது. கரண்ட் போன பிறகும் ஆட வேண்டும் என்று ஆரம்பித்தால் செலவு எங்கோ போய் நிற்கும். யூபிஎஸ்ஸுக்குள்ளேயே வோல்டேஜ் சரிசெய்யும் வசதி இருந்தால் தனியாக ஸ்டெபிலைசர் வேண்டாம்.

கேபினெட்டில் முன்பக்கம் கண்ணாடி, உள்ளே கலர் கலராக லைட், இதுதான் கடையில் கண்ணைப் பறிக்கும். உங்களுக்கு அது சரிப்படாது. ஏற்காட்டில் இருந்து கேட்டிருந்தால் ஈரத்தையும் இடியையும் பற்றிப் பேசியிருப்பேன், கொண்டலாம்பட்டி என்பதால் பஞ்சு. தறியில் இருந்து பறக்கும் பஞ்சு ஃபேன் வழியாக உள்ளே போய், பிராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே மெத்தை மாதிரி படியும், சூடு வெளியே போக வழி இருக்காது, சித்திரை வெயிலில் அது போதும், கேம் ஓடும்போதே வேகம் குறைந்து கடைசியில் தானாக அணைந்துவிடும். பையன் வைரஸ் என்பான். முன்பக்கம் முழுக்கச் சல்லடை, அதற்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர், முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இப்படி இருந்தால் போதும். உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும்போது ஃபில்டர் இல்லாத இடுக்குகள் வழியாகப் பஞ்சு நுழைவது குறையும். பட்டறைப் பக்கம் ஜன்னல் உள்ள அறையில் வைக்காதீர்கள், தரையிலும் வேண்டாம். வாரம் ஒரு தடவை ஃபில்டரைத் தட்டிப் போடச் சொல்லுங்கள். பட்டறை ப்ளோயரை எடுத்து அடிப்பீர்கள், தெரியும், அடியுங்கள், ஆனால் கம்ப்யூட்டரை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, ப்ளோயரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து அடியுங்கள்.

பணம் எப்படி அடங்கும் என்றால், கார்டுக்கு 22, பிராசசரும் போர்டும் 18, எஸ்எம்பிஎஸ்ஸும் கேபினெட்டும் சேர்த்து 8, அதிலேயே 48 ஆயிற்று. மிச்சம் 12க்குள் ராம், எஸ்எஸ்டி, யூபிஎஸ் என்று பார்த்தால் மானிட்டருக்கு இடமே இல்லை, ராம் விலையைப் பொறுத்து துண்டுகூட விழலாம். அதனால் மானிட்டரைத் தள்ளிப் போடுங்கள். வீட்டில் இருக்கும் எல்இடி டிவியில் எச்டிஎம்ஐ இருக்கும், கேம் மோட் போட்டு ஆடட்டும், தீபாவளிக்கு 24 இன்ச் மானிட்டர் வாங்கிக் கொடுங்கள். சீரியல் நேரத்தில் சண்டை வரும், அது உங்கள் வீட்டு விவகாரம். டிவியை விட முடியாது என்றால் இன்னொரு வழி: கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி. இதில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, வாலரண்ட் நன்றாக ஓடும், ஜிடிஏ 5 செட்டிங்கைக் குறைத்தால் ஓடும். அப்போது மானிட்டரும் இந்தப் பணத்துக்குள் வந்துவிடும், எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் இப்போதே நல்லதாகப் போட்டுவிட்டால் அடுத்த வருடம் கார்டைச் செருகிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் டிவி வழிதான்.

இதற்காகச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டியதில்லை. வாரண்டிக்கு அலைய வேண்டி வந்தால் பக்கத்தில் கடை இருப்பது நல்லது, சேலத்திலேயே இரண்டு மூன்று கடையில் மாடல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி பில்லில் கார்டு, பிராசசர், போர்டு, எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றுக்கும் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும். பெட்டிகளையும் கேட்டு வாங்கி பரணில் போட்டு வையுங்கள்.

எடுத்து வரும் முன் கடையிலேயே பையனை இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ராம் வேக செட்டிங்கைப் போடாவிட்டால் 3200 ராம் 2133இலேயோ 2666இலேயோ ஓடிக்கொண்டிருக்கும், பலர் வருடக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள். அப்புறம் எச்டிஎம்ஐ ஒயரைப் பின்னால் மேலே இருக்கும் போர்டு ஓட்டையில் செருகாமல் கீழே கார்டில் செருக வேண்டும். 5600, 12400எஃப் இரண்டிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, போர்டில் செருகினால் திரையில் ஒன்றும் வராது, கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று தூக்கிக்கொண்டு திரும்பக் கடைக்குப் போவீர்கள்.