பிக்கோ பிரித்தாரா, சேர்த்தாரா?

கேள்வி: வெள்ளை மாணவர்களும் இருந்த பொதுச் சங்கத்தை விட்டு வெளியேறி, கறுப்பருக்கென்று தனிச் சங்கம் கண்ட தென்னாப்பிரிக்காவின் நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிக்கோவும் ஒருவகையில் நிறவெறியைத்தானே வளர்த்தார்?

பதில்: வெளியேறியதைக் கேட்கிற நீங்கள், எதிலிருந்து வெளியேறினார் என்பதையும் கேட்டிருக்கலாம். 1967 ஜூலையில் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்தப் பொதுச் சங்கத்தின் மாநாடு நடந்தபோது, வெள்ளைப் பிரதிநிதிகளுக்கு வளாக விடுதியில் இடம் கிடைத்தது. ஆப்பிரிக்க மாணவர்களுக்கோ கறுப்பர் குடியிருப்பிலிருந்த தேவாலயக் கூடம்தான். மாநாட்டை ஒத்திவைத்துவிட்டு, எல்லோரும் சேர்ந்து தங்கக்கூடிய இடத்துக்குப் போவோம் என்று பிக்கோ கொண்டுவந்த தீர்மானம் தோற்றுப்போனது. தோற்கடித்தவர்கள் நிறவெறியை மனமாரக் கண்டித்தவர்கள்தாம். விடுதிக் கட்டிலை விட்டு எழுந்திருக்கத்தான் மனம் வரவில்லை.

1969இல் பிக்கோவைத் தலைவராகக் கொண்டு தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு, அதாவது சாசோ, தொடங்கப்பட்டபோது, உங்களைப் போலவே அரசும் தவறாகக் கணக்குப் போட்டது. கறுப்பர் தாமாகவே ஒதுங்கிப்போகிறார்கள் என்று முதலில் சும்மா இருந்த அது, விவரம் புரிந்ததும் 1973இல் பிக்கோவைக் கிங் வில்லியம்ஸ் டவுனை விட்டு நகரக்கூடாதென்று முடக்கியது.

புரிந்த விவரம் இதுதான். பிக்கோ மருத்துவம் படித்த நேட்டால் பல்கலைக்கழகப் பிரிவின் பெயரே ‘ஐரோப்பியர் அல்லாதோர் பிரிவு’. இன்னொருவரை அளவுகோலாக வைத்துத் தம்மை ‘அல்லாதோர்’ என்று அழைத்துக்கொள்ள மறுத்த சாசோ, சட்டத்தாலும் வழக்கத்தாலும் ஒடுக்கப்பட்டு, அதை எதிர்த்து ஓரணியாக நிற்கிற ஆப்பிரிக்கர், இந்திய வம்சாவளியினர், கலப்பினத்தவர் அனைவரையும் ‘கறுப்பர்’ என்றது. அரசு மூன்றாக வகுத்து வைத்திருந்தவர்களை ஒரே சொல்லுக்குள் கொண்டுவந்த அமைப்பைப் பிரிவினை அமைப்பு என்று எப்படிச் சொல்வது?

பிக்கோவின் இயக்கத் தோழர்களான, டர்பனைச் சேர்ந்த சத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி ஆகியோர் இந்தியராகப் பதிவு செய்யப்பட்டவர்கள். மூட்லி என்பது நம் முதலியார்ப் பட்டத்தின் திரிபு. ஆப்பிரிக்கத் தோழர்களோடு ஒரே குற்றப்பத்திரிகையில் நின்று, 1976இல் பயங்கரவாதச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டு, ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தச் சிறையில் அப்போதும் இந்தியக் கைதிக்கு ரொட்டி உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆப்பிரிக்கக் கைதிக்குக் கிடையாது.