அதே கரை, அதே இருபது நிமிடம்

அன்புள்ள ஐயா,

பறவைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைப் படித்துத்தான் ஒரு பைனாகுலர் வாங்கினேன். இருப்பது கடலோரச் சிற்றூர். வேலைக்குக் கிளம்பும் முன், காலை ஆறரைக்குக் கழிமுகத்துப் பக்கம் போய் இருபது நிமிடம் நிற்பேன். இந்தக் குளிர்காலத்தில் மனம் விட்டுப்போய்விட்டது. வீட்டைவிட்டு இறங்கும்போது வெயில், கரைக்குப் போவதற்குள் தூறல், மறுநாள் ஆளையே தள்ளும் காற்று. போன திங்கட்கிழமை சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகள் நூறாவது இருந்தன. இந்தத் திங்கட்கிழமை அதே நேரம், அதே இடம், ஒன்றுகூட இல்லை. வானிலை சீராகும்வரை நிறுத்திவிட்டு, பிறகு விடுப்பு போட்டு ஏதாவது சரணாலயத்துக்குப் போகலாமா?

இன்னொரு சந்தேகம். மணலில் ஒரு குட்டிப் பறவை. கொஞ்சம் ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். கழுத்தில் வெள்ளை வளையம், மார்பின் இரண்டு பக்கமும் கரும்பட்டை, ஆனால் நடுவில் சேரவில்லை. கால்கள் கறுப்பு. இதுவும் உள்ளானா?

வி.

அன்புள்ள வி.,

நிறுத்த வேண்டாம். இரண்டு திங்கட்கிழமைகளையும் நீங்கள் குறித்து வைத்ததே போதும், உங்கள் கேள்விக்குப் பதில் அதற்குள் இருக்கிறது.

நீங்கள் கடிகாரம் பார்த்துப் போகிறீர்கள். உள்ளான்கள் கடல் வற்றுவதைப் பார்த்து வருகின்றன. பெரும்பாலான கரைகளில் ஒரு கடல் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏற்றமும் வற்றமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்! போன திங்கள் ஆறரைக்கு நீர் வற்றிச் சேறு வெளியே தெரிந்திருக்கும். இந்தத் திங்கள் அதே ஆறரைக்கு அந்தச் சேறு தண்ணீருக்கடியில் இருந்திருக்கும். பறவைகள் எங்கும் போய்விடவில்லை. பக்கத்தில் எங்கோ மேட்டு மணலிலோ பாறையிலோ ஒற்றைக்காலில் நின்று தூங்கியிருக்கும். அடுத்த வாரம் வற்றம் மறுபடி உங்கள் நேரத்துக்கே வந்துவிடும். உங்கள் ஊர் ஏற்றவற்ற அட்டவணையை எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அந்தத் தூங்கும் கூட்டத்தைக் கண்டுபிடித்தால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். புகைப்படத்துக்காக நான்கு அடி கிட்டே போக, கூட்டம் மொத்தமும் எழும்பிப் பறப்பதைப் பல முறை பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அவை இரவு பகல் பார்க்காமல் வற்றத்தில் மேய்பவை. ஏற்றம்தான் அவற்றுக்கு ஓய்வு. 2022-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று, அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது. அப்போது அதற்கு வயது ஐந்து மாதம். இப்படிப்பட்ட பயணங்களுக்கு வேண்டிய கொழுப்பை உங்கள் ஊர்ச் சேறு போன்ற இடங்களில்தான் இந்தப் பறவைகள் சேர்க்கின்றன. ஒவ்வொரு தேவையில்லாத பறத்தலும் அதிலிருந்துதான் கழிகிறது.

அப்புறம் வானிலை. சீராகும்வரை காத்திருக்காதீர்கள் என்பதற்கு எனக்கு வலுவான காரணம் உண்டு. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். கூடவே கரையை நோக்கிக் காற்றும் அடித்தால், அட்டவணை வற்றம் என்று சொல்லும் நேரத்திலும் சேறு சரியாக வெளிப்படாது. அன்று பறவைகள் வழக்கமான இடத்தை விட்டுவிட்டு மேல்கரைக்கு, உங்களுக்கு இன்னும் பக்கத்தில் வரலாம். கரையில் உட்கார்ந்திருக்கும் கடற்காகங்களைப் பாருங்கள். காற்று பலமாக இருந்தால் எல்லாம் ஒரே திசை பார்த்திருக்கும், காற்றுக்கு முகம் கொடுத்து. முதுகைக் காட்டினால் இறகுக்குள் காற்றுப் புகுந்து கலைத்துவிடும். ஆளுக்கொரு பக்கம் பார்த்திருந்தால் காற்று அடங்கிவிட்டது. கடற்காகங்கள் ஒரு நாளும் அதே மாதிரி இருப்பதில்லை.

பெரிய காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலை என்ன வேலை இருந்தாலும் போங்கள். நடுக்கடலிலேயே வாழும் பறவைகள் கரையோரம் ஒதுங்குவது அப்போதுதான். களைத்துக் கிடக்கும் பறவையைத் திரும்பக் கடலில் விட்டுவிடாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில் வைத்து, வனவிலங்கு மீட்பவர்களைக் கூப்பிடுங்கள்.

பைனாகுலர் கண்ணாடியில் உப்புத்துளி பட்டால் காய்ந்த துணியால் துடைக்கக் கூடாது, கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள்.

இனி உங்கள் குட்டிப் பறவை. அது உள்ளான் இல்லை, உப்புக்கொத்தி. ஓடி, நின்று, கொத்துவது உப்புக்கொத்திகளின் பழக்கம். அவை கண்ணால் இரை தேடுகின்றன, அதனால் நின்று பார்க்க வேண்டும். உள்ளான்களில் பலவும் அலகைச் சேற்றில் நுழைத்து நுனியின் தொடு உணர்வால் தேடுகின்றன, அதனால் குனிந்தபடியே நடக்கும். மார்பில் சேராத பட்டையும் கறுப்புக் காலும் இருந்தால் கென்டிஷ் உப்புக்கொத்தி என்றே நினைக்கிறேன். பட்டை சேர்ந்து கால் ஆரஞ்சாக இருந்தால் வேறு இனம்.

ஒரு தூறல் காலையில் இதே பறவையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கடற்பாசிக் குவியலின் காற்று படாத பக்கம் ஒதுங்கியிருந்தது. தூறல் விட்டதும் உடம்பை ஒருமுறை உதறிவிட்டு நாலடி ஓடியது. நின்றது. ஒரு காலை மட்டும் முன்னே நீட்டி, ஈர மணலின் மேல் படபடவென்று நடுக்கியது, தையல் மெஷின் ஊசி மாதிரி. அந்த அதிர்வில் மணலுக்குள் இருக்கும் சின்ன உயிர்கள் அசையும், அசைந்தால் கண்ணில் படும். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தது, ஒரே கொத்து. வாயில் நூல்போல ஒரு புழு.

அடுத்த முறை அதன் காலைக் கவனியுங்கள். உங்கள் பறவையும் இதைச் செய்கிறதா, எந்தக் காலால், மழைக்கு முன்பா பின்பா என்று எனக்கு எழுதுங்கள்.