டைல்ஸ் கலர் இருக்கட்டும், கம்மோடு மாடலை முதல்ல சொல்லுங்க

கேள்வி: பேஸ்மென்ட் முடிஞ்சு செவுரு எழும்பிட்டு இருக்கு சார். டைல்ஸ், லைட், பாத்ரூம் ஃபிட்டிங்ஸ், கிச்சன்னு ரூம் ரூமா லிஸ்ட் போட்டு வச்சிருக்கோம், ஆனா இன்ஜினியர் ஒண்ணு கேக்குறார், மேஸ்திரி ஒண்ணு கேக்குறார், எதை எப்போ முடிவு பண்றதுன்னே புரியல.

பதில்: லிஸ்ட் போட்டதே பெரிய விஷயம், நிறைய பேர் அதைக்கூட செய்றதில்ல. ஆனா சைட்ல வேலை ரூம் ரூமா நடக்காதுங்க, அதனால அதே லிஸ்ட்டை வேற வரிசைல மாத்துங்க, எது கான்கிரீட்டுக்குள்ளயும் செவுத்துக்குள்ளயும் போய் ஒளிஞ்சுக்கப் போகுதோ அது மேல, வெளியில தெரியற அழகு சமாச்சாரம் எல்லாம் கீழ. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ‘எந்த வேலைக்கு முன்னாடி’ன்னு ஒரு கட்டம் போட்டு எழுதிட்டா பாதி குழப்பம் போயிடும்.

உங்களுக்கு அடுத்து வர்றது ரூஃப். கம்பி கட்டினதும் எலக்ட்ரீசியன் வந்து பைப்பும் ஃபேன் பாக்ஸும் வச்சுட்டுப் போயிடுவார், கேட்டா ரூமுக்கு நடு சென்டர்ம்பார். 12 அடி ரூம்ல ஒரு பக்கம் 2 அடி ஆழத்துக்கு வார்ட்ரோப் வரப்போகுதுன்னா நீங்க புழங்குற இடம் 10 அடிதான், அதோட சென்டர் 1 அடி தள்ளிப் போயிடும். கான்கிரீட் போட்டப்புறம் இதைச் சொல்லி பிரயோஜனமில்ல. அதனால கட்டில், பீரோ, சோபா, ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் அளவோட பிளான்ல வரைஞ்சு, கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னும் போட்டு, அதுக்கப்புறம் லைட், ஃபேன், ஸ்விட்ச் பாயின்ட் எங்கெங்கன்னு குறிங்க. கதவுக்குப் பின்னாடி மாட்டிக்கிட்ட ஸ்விட்ச் போர்டு எத்தனை வீட்ல இருக்குன்னு பாத்தா சிரிப்பு வரும்.

அடுத்து பாத்ரூம். எல்லாரும் கடைசில கடைக்குப் போய் கம்மோடு வாங்குறாங்க, அது தப்பு. தரைல அவுட்லெட் வர்ற மாடல்னா செவுத்துல இருந்து பைப் சென்டர் வரைக்கும் உள்ள தூரம் மாடலுக்கு மாடல் மாறும், 4 இன்ச்சும் உண்டு, 12 இன்ச்சும் உண்டு. பைப்பை ஒரு இடத்துல வச்சுட்டு வேற அளவு மாடல் வாங்கிட்டா தரையை உடைக்கணும், இல்ல கம்மோடு செவுத்தை விட்டுத் தள்ளி நிக்கும். இன்னொண்ணு, அந்தத் தூரத்தை பூச்சும் டைல்ஸும் முடிஞ்ச செவுத்துல இருந்து அளக்கணும், வெறும் செங்கல்ல இருந்து அளந்தா ஒரு இன்ச்சுக்கு மேல அடிபடும். செவுத்துக்குள்ள போற ஷவர் டைவர்ட்டரும் (தண்ணியை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பி விடுற வால்வு) இப்படித்தான், எவ்வளவு ஆழத்துல பதிக்கணும்னு ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு அளவு இருக்கு, பிளம்பர் காடி வெட்டுறதுக்கு முன்னாடி பொருள் கையில இருக்கட்டும்.

படிக்கட்டை யாருமே யோசிக்கறதில்ல. தரைல கலவையும் டைல்ஸும் சேர்ந்து 3 இன்ச் ஏறுது, படில கிரானைட் மட்டும் 1 இன்ச் ஏறுதுன்னு வைங்க, கீழ முதல் படி 2 இன்ச் குட்டையாயிடும், மேல கடைசி படி 2 இன்ச் உசந்துடும், ஏறுற இறங்குற ஆளுக்கு தடுக்கும். டைல்ஸ் கலர் இப்போ வேணாம், ஆனா மொத்தம் எவ்வளவு கனம் ஏறும்னு படிக்கு கான்கிரீட் போடறதுக்கு முன்னாடியே இன்ஜினியர்கிட்ட சொல்லிடுங்க.

கிச்சன்ல சிங்க், ஃபில்டர், சிம்னி, ஓவன் எங்கெங்கன்னு தெரிஞ்சா போதும், ஷட்டர் டிசைன் எல்லாம் மெதுவா பாத்துக்கலாம். ஏசிக்கு கரன்ட் பாயின்ட் மட்டும் வச்சா பத்தாது, தண்ணி வெளிய போற பைப்புக்கும் சரிவு வேணும், அதையும் பூச்சுக்கு முன்னாடியே பதிச்சிடுங்க.

பூச்சு வேலைக்கு முன்னாடி ஒரு நாள் சைட்டுக்குப் போய் ஒவ்வொரு செவுத்துலயும் டேப்பை விரிச்சுப் புடிச்சு போட்டோ எடுத்து ரூம் பேர் போட்டு வச்சுக்கோங்க. பின்னாடி டிவி மாட்ட டிரில் போடும்போது பைப் எங்க ஓடுதுன்னு அந்த போட்டோதான் சொல்லும்.

பாத்ரூம்ல வாட்டர்ப்ரூஃப் அடிச்சதும் தண்ணி கட்டி ஒரு முழு நாளாவது விட்டுப் பாக்காம டைல்ஸ் ஒட்ட விடாதீங்க, மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் சரி. பெயின்ட் கலர், கர்ட்டன், லைட் டிசைன் பத்தி வீட்ல சண்டை போட இன்னும் நிறைய டைம் இருக்கு.