வீட்டில் எடுத்த ஈசிஜியை நம் கிளினிக் டாக்டரே படித்துச் சொல்ல முடியுமா?

கேள்வி இதுதான்: செந்தூலில் இருக்கும் அப்பாவுக்கு 72 வயது. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. விரல் வைத்து எடுக்கும் சின்ன ஈசிஜி கருவி வாங்கிக் கொடுத்தோம். செயலி இரண்டு தடவை 'பாசிபிள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' (இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் நோய் இருக்கலாம்; சுருக்கமாக ஏஎஃப்) என்று காட்டிவிட்டது. தாமான் கிளினிக் டாக்டர் பார்த்தால் போதுமா, நேரே ஐஜேஎன் என்னும் தேசிய இதய மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

அப்பா சாதாரணமாக நடமாடிக்கொண்டிருக்கிறார் என்றால் முதலில் கிளினிக் டாக்டரே போதும். ஆனால் அவர் படிக்க வேண்டியது கீழே ஓடும் கோட்டை. செயலி மேலே எழுதியிருக்கும் வரியைப் பார்த்துவிட்டு 'சரி, ஏஎஃப்தான்' என்றால் அது படித்ததாகாது. 2020-இல் வந்த ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டியும் இதைத்தான் கேட்கிறது: 30 வினாடிப் பதிவில் திரும்பத் திரும்ப வரும் பி அலை (ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் மேலறை போடும் சிறு மேடு) இல்லை, துடிப்புகளின் இடைவெளியில் ஒழுங்கே இல்லை என்று ஒரு மருத்துவர் கண்ணால் பார்த்து உறுதி செய்தால், ஒற்றைக் கோட்டுப் பதிவே ஏஎஃப் என்று சொல்லப் போதும்.

பாதித் தகராறு டாக்டர் கையில் கோடு போய்ச் சேரும் முன்னாலேயே நடந்துவிடுகிறது. பலரும் கைப்பேசித் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார்கள். அதில் வருவது 30 வினாடியில் ஐந்தாறு வினாடிதான்; பின்னால் இருக்கும் சிறு கட்டங்களும் மங்கிப்போகும். கட்டம் இல்லாத ஈசிஜி, அளவுகோடு அழிந்த ரூலர் மாதிரி. செயலியிலிருந்து பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள், முடிந்தால் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். அச்சில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று போட்டால் படம் சுருங்கும். அப்போது மில்லிமீட்டர் ரூலர் வைத்து அளப்பது தப்பாகும், கட்டத்தை எண்ணினால் சரியாக வரும். வழக்கமான வேகத்தில், அதாவது வினாடிக்கு 25 மி.மீ., ஒரு சிறு கட்டம் 0.04 வினாடி, ஒரு பெரிய கட்டம் 0.2 வினாடி.

எடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, முழங்கை வரை இரண்டு கைகளையும் மேசையில் சாய்த்து வைக்க வேண்டும். கருவியை அமுக்கிப் பிடித்தால் தசை இறுகி, கோடு முழுக்க ரோமம் முளைத்த மாதிரி ஆகிவிடும். விரலைச் சும்மா வைத்தால் போதும். ஏர்கோன் அறையில் நாளெல்லாம் இருக்கும் வயதானவர்களுக்கு விரல் நுனி காய்ந்திருக்கும், அதனால் மின்தொடர்பு விட்டுவிட்டு வரும். கொஞ்சம் தண்ணீரில் விரலை நனைத்துத் துடைத்துவிட்டு வைக்கலாம். கைப்பேசியை சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு எடுங்கள். மின் இரைச்சலை அடையாளம் காண்பது சுலபம்: மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே ஒரு பெரிய கட்டத்துக்குள் ஒரே சீராகப் பத்து ஊசி நிற்கும். இதயம் அப்படி எதையும் வரையாது.

முழுவதும் ஏறி ஏறி இறங்கும் கோட்டை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்பேன். இன்னொன்று எடுக்க 30 வினாடிதானே ஆகும்.

நல்ல கோடு கிடைத்துவிட்டால் வேண்டியது ஒரு துண்டுக் காகிதம். அதன் விளிம்பை ஆர் முனைகளின் (ஒவ்வொரு துடிப்பிலும் உயர்ந்து நிற்கும் ஊசிகளின்) மேல் வைத்து, அடுத்தடுத்த மூன்று முனைகளுக்குப் பென்சிலால் குறியிடுங்கள். இப்போது காகிதத்தை அடுத்த துடிப்புக்கு நகர்த்துங்கள். மூன்று குறியும் மறுபடி மறுபடி பொருந்தினால் தாளம் ஒழுங்கு. ஏஎஃப் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எந்த இடத்திலும் பொருந்தவில்லை, ஒரு மாதிரியும் திரும்ப வரவில்லை என்றால் ஏஎஃப் பக்கம் சாயலாம். பெரும்பாலும் பொருந்தி, நடுவில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு வந்து, பிறகு சிறு இடைவெளி விட்டால், அது மேலறையிலிருந்து முந்தி வரும் தனித் துடிப்பாக இருக்கலாம். எழுபது வயதுக்கு மேல் இது சர்வசாதாரணம். செயலி பொய்யாக 'பாசிபிள் ஏஎஃப்' சொல்வதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. முந்தி வந்த துடிப்புக்கு முன்னால் இருக்கும் டி அலையை (ஊசிக்குப் பின்னால் வரும் மேட்டை) உற்றுப் பாருங்கள்: மற்ற டி அலைகளைவிடக் கூர்மையாகவோ உயரமாகவோ இருந்தால், பி அலை அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

பி அலையைத் தேடுவதுதான் இந்தக் கருவிகளில் தலைவலி. வலக்கைக்கும் இடக்கைக்கும் நடுவே எடுப்பதால் கிடைப்பது முதல் லீட், அதாவது இதயத்தை ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும் ஒரே கோடு மட்டுமே. அதில் பி அலை பல பேருக்கு ஒரு சிறு கட்டம்கூட எழும்பாது. அது இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், ஒரு மின்முனையில் வலக்கை விரலும் மற்றதில் இடது முழங்காலின் வெறும் தோலும் படும்படி இன்னொரு பதிவு எடுக்கச் சொல்லுங்கள். அது இரண்டாவது லீட்டுக்கு நிகர். பி அலை அதில் பொதுவாக நன்றாகத் தெரியும். கடிகாரத்தில் எடுப்பவர்களுக்கு வேறொரு வம்பு உண்டு. எந்த மணிக்கட்டு என்று அமைப்பில் தப்பாக இருந்தால் பி, க்யூஆர்எஸ் (ஆர் முனை அடங்கிய, கீழறை போடும் ஊசிப் பகுதி), டி மூன்றுமே தலைகீழாக வரும். இதய நோய் என்று பதறுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

கை நடுங்குபவர்களிடம் தனிக் கவனம் தேவை. பார்க்கின்சன் நடுக்கம் வினாடிக்கு 4 முதல் 6 தடவை, அதாவது நிமிடத்துக்கு 240 முதல் 360. ஏட்ரியல் ஃப்ளட்டர் என்னும் நோயில் மேலறை துடிப்பதும் ஏறக்குறைய அதே வேகம்தான், 300-ஐ ஒட்டி. இரண்டுமே ரம்பப் பல் போலக் கோடு போடும். உண்மையான ஃப்ளட்டரில் அந்தப் பற்களுக்கும் க்யூஆர்எஸ்ஸுக்கும் ஒரு கணக்கு இருக்கும். நடுக்கம் தன்பாட்டுக்கு ஓடும். சந்தேகம் என்றால் கருவியை இடது மார்பின் கீழ்ப்பக்கம் தோலில் வைத்து எடுங்கள், நடுக்கம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

செயலி 'அன்கிளாசிஃபைட்' (எந்த வகை என்று தெரியவில்லை) என்று விட்டுவிட்டதையும் தள்ளிவிடக் கூடாது. துடிப்பு 150-இல் ஒரு இம்மியும் அசையாமல் நின்றால், மேலறையின் இரண்டு துடிப்பில் ஒன்றை மட்டும் கீழறைக்குக் கடத்தும் ஃப்ளட்டராக இருக்கலாம். தாளம் ஒழுங்காக இருப்பதால் அதற்கு ஏஎஃப் என்ற பெயர் வராது. பயத்தாலோ காய்ச்சலாலோ வரும் படபடப்பு அப்படிக் கல்லாக நிற்காது. ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் கொஞ்சமாவது ஏறி இறங்கும்.

குடும்ப டாக்டர்கள் எவ்வளவு சரியாகப் படிக்கிறார்கள்? 2007-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், மார்பிலும் கைகால்களிலும் ஒட்டி எடுக்கும் முழு ஈசிஜியான 12 லீட் ஈசிஜியிலேயே அவர்கள் ஏஎஃப் உள்ளவர்களில் 80 சதவீதத்தைக் கண்டுபிடித்தார்கள். ஏஎஃப் இல்லாதவர்களில் சுமார் 8 சதவீதத்துக்குத் தவறாக அந்தப் பெயரை வைத்தார்கள். 8 என்பது சின்ன எண்தானே என்று தோன்றும். கணக்குப் போடுங்கள்: 100 முதியவர்களில் ஐவருக்கு ஏஎஃப் என்று வைத்துக்கொண்டால், பிடிபடுவது நால்வர், மீதி 95 பேரில் ஏழெட்டுப் பேர் பொய்யாக மாட்டுவார்கள். அதாவது 'ஏஎஃப்' என்று பெயர் வாங்கியவர்களில் உண்மையானவர்களைவிடப் பொய்யானவர்கள் அதிகம். டாக்டர் திறமை குறைந்தவர் என்று இதற்கு அர்த்தமில்லை, அரிதான ஒன்றைத் தேடும்போது கணக்கு அப்படித்தான் விழும். ஆகவே கோடு தெளிவில்லாமல் இருந்து, 'எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, இன்னொருவருக்கு அனுப்பிக் கேட்கிறேன்' என்று சொல்லும் டாக்டர் கிடைத்தால் மாற்றாதீர்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், ஏஎஃப்பில் இதயத்தில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம்; அதனால் அடுத்து வருவது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. அதை ஆரம்பித்தால் பொதுவாக ஆயுளுக்கும்தான், ரத்தக்கசிவு ஆபத்தும் கூடவே வரும். உங்கள் அப்பாவுக்கு உண்மையிலேயே ஏஎஃப் என்றால் பக்கவாத ஆபத்தைக் கணிக்க டாக்டர்கள் போடும் மதிப்பெண் இப்படி ஏறும்: 65-க்கும் 74-க்கும் இடைப்பட்ட வயதுக்கு 1, ரத்தக் கொதிப்புக்கு 1, இனிப்பு நீருக்கு 1; மொத்தம் 3. ஆணுக்கு 2 வந்தாலே மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது, எனவே அவருக்குத் தேவைப்படும். அபிக்சாபனா, வார்ஃபரினா, அளவு எவ்வளவு என்பதைச் சிறுநீரக ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் முடிவு செய்வார். 'ஆஸ்பிரின் போட்டால் போதும்' என்று பக்கத்து வீட்டார் சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். ஏஎஃப் பக்கவாதத்தைத் தடுக்க அது பரிந்துரைக்கப்படுவதில்லை.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது: நாளுக்கு இரண்டு தடவையும் படபடப்பு வரும்போதும் என்று ஒரு வாரத்துக்குப் பதிவு எடுத்து, பிடிஎஃப்களோடு போங்கள். டாக்டரிடம் 'டாக்டர், பி அலை தெரிகிறதா? இடைவெளி முழுக்க ஒழுங்கில்லையா, நடுவில் மட்டுமா?' என்று பணிவாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உறுதி என்றால் 12 லீட் ஈசிஜி, தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகள், எக்கோ (இதய ஸ்கேன்) என்று வரிசையாக வரும். அரசு சுகாதார கிளினிக்கில் 12 லீட் எடுக்கலாம்; பல கிளினிக்குகளில் குடும்ப மருத்துவ நிபுணரும் இருக்கிறார். அரசு மருத்துவமனை இதய நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதமும் அங்கேயே கிடைக்கும்.

பேஸ்மேக்கர் பொருத்தியவருக்கு இந்த விரல் கருவியின் முடிவை நம்ப வேண்டாம். மாரடைப்பையும் இதை வைத்து இல்லை என்று சொல்லவே முடியாது. நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல், முகம் கோணுதல், கை சோர்ந்து விழுதல் எது வந்தாலும் கருவியை மேசையிலேயே வைத்துவிட்டு 999-ஐ அழையுங்கள்.