கிடேரி ஊசி போட்டும் காளைக்கன்றா? மாட்டு மருத்துவர் பதில்கள்

கிடேரிக் கன்றுக்கான ஊசி என்று கூடுதல் காசு கொடுத்துப் போட்டோம். பிறந்தது காளை. ஏமாற்றிவிட்டார்களா டாக்டர்?
– நாமக்கல் பக்கத்து வாசகர்

பெரும்பாலும் இல்லை. அந்த ஊசியில் செலுத்துவது பாலினம் பிரித்த உறைவிந்து. அதில் கிடேரி, அதாவது பெண் கன்று, பிறக்க நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு. மீதிப் பத்தில் உங்கள் மாடு விழுந்திருக்கலாம். பெண் கன்று தரும் உயிரணுவில் மரபுப்பொருள் ஆண் கன்று தருவதைவிட ஏறக்குறைய 4 சதவீதம் அதிகம். சாயம் ஏற்றி, லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். முழுக்கப் பிசகில்லாமல் பிரிக்க முடியாது.

இன்னொன்றையும் பாருங்கள். இந்த ஊசிக்கு முந்தைய பருவத்தில் (மாடு காளைக்கு ஏங்கும் நாளில்) சாதாரண ஊசி போட்டீர்களா? சினை மாடுகளில் சில, சினையோடேயே பருவ அறிகுறி காட்டும். கன்று ஈன்ற தேதியிலிருந்து 280 நாள் பின்னோக்கி எண்ணுங்கள். எந்த ஊசிக்குப் பிறந்த கன்று என்று ஓரளவு தெரிந்துவிடும்.

அடுத்த முறைக்கு ஒரு யோசனை. சாதாரணக் குச்சியில் (விந்தை அடைத்து வைக்கும் மெல்லிய குழாய்) உறைய வைக்கும்போது சுமார் 2 கோடி உயிரணு இருக்கும். பிரித்த குச்சியில் சுமார் 20 லட்சம்தான். அதுவும் பிரிக்கும்போதே களைத்துப்போனவை. அதனால் சினை பிடிக்கும் வாய்ப்பு குறைவு. நல்ல வளர்ச்சியுள்ள, இன்னும் ஈனாத கிடேரிக்கும், ஒழுங்காகப் பருவத்துக்கு வரும் இளம் மாட்டுக்கும் போடுங்கள். மூன்று முறை ஊசி போட்டும் நிற்காத மாட்டுக்கு, "சரி, இதையாவது போட்டுப் பார்ப்போம்" என்று போடுவது வீண் செலவு.

மாடு கத்தினால் உடனே ஊசி போடலாமா?
– ஈரோடு வாசகி

கத்துவதை மட்டும் நம்பாதீர்கள். பசிக்கும் கத்தும், கன்றைப் பிரித்தாலும் கத்தும். இன்னொரு மாடு மேலே ஏறும்போது விலகாமல் நிற்கிறதா என்பதே கேள்வி. ஒற்றை மாடு வைத்திருப்பவர் பிறப்புறுப்பில் வழியும் வழும்பைப் பார்க்க வேண்டும். இரவு ஒன்பது, பத்து மணிக்கு மாடு படுத்திருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடிபோல் தெளிவாக, அறுபடாமல் கயிறாகத் தொங்கினால் பருவம். தயிர்போலத் திட்டுத் திட்டாக வந்தால் கருப்பையில் சீழ் இருக்கலாம். அன்றைக்கு ஊசி வேண்டாம், வைத்தியம் பாருங்கள்.

காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். பருவம் அடங்கி ஏறக்குறைய 10–12 மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளிவரும் என்பதால் இந்தக் கணக்கு. எருமை பெரும்பாலும் சத்தமே காட்டாது. அதற்கு இன்னும் கூர்மையான கண் வேண்டும்.

ஊசி போட்ட மூன்றாம் நாள் ரத்தம் வந்தது. சினை கலைந்துவிட்டதா?

இல்லை. பருவம் முடிந்து இரண்டு, மூன்று நாளில் கொஞ்சம் ரத்தம் கசிவது, கிடேரிகளில் குறிப்பாக, சாதாரணம். சினை பிடித்ததற்கும் அடையாளம் இல்லை, பிடிக்காததற்கும் இல்லை. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சினை நிற்காவிட்டால் அங்கிருந்து 18, 19 நாளில் அடுத்த பருவம் வரும்.

கலப்பின ஜெர்சியின் வயிற்றில் காங்கேயம் கன்று பிறக்குமா?
– தாராபுரம் வாசகர்

பிறக்கும். கருமாற்றம் என்பது அதுதான். நல்ல காங்கேயம் பசுவுக்கு ஹார்மோன் ஊசி போட்டு ஒரே பருவத்தில் பல முட்டைகளை வரவழைத்து, காங்கேயம் காளையின் விந்தைச் செலுத்தி, ஏழாம் நாள் கருப்பையைக் கழுவிக் கருக்களை எடுப்பார்கள். அதே நாள் கணக்கில் பருவத்துக்கு வந்த வாடகைத் தாய்க்கு ஒவ்வொன்றாக வைப்பார்கள். கன்றுக்கு ஜெர்சியின் மரபு துளியும் வராது. சீம்பாலும் அதிலுள்ள எதிர்ப்புச் சக்தியும்தான் ஜெர்சி கொடுப்பது.

ஆனால் இரண்டு மாடு வைத்திருப்பவர் இதற்காக அலைவதை நான் ஊக்குவிப்பதில்லை. வைக்கும் கருவெல்லாம் நிற்பதில்லை. உங்களிடம் காங்கேயம் பசுவே இருந்தால் நல்ல காளையின் உறைவிந்து போதும்.

பருவத்துக்கு வராத மாட்டுக்கு மருந்துக் கடையில் ஊசி வாங்கி நாமே போடலாமா?

கூடாது. பருவத்தை வரவழைக்கப் போடும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் ஊசியைச் சினைப் பரிசோதனை செய்யாமல் போட்டால், இருக்கும் சினை கலைந்துவிடக்கூடும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த மருந்தைக் கையாளவே கூடாது.

ஊசி போட வருபவரிடம் என்ன கேட்க வேண்டும்?

குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். தாய்க்குப் போட்ட அதே காளையின் விந்தை மகளுக்கும் போட்டுவிடும் தவறு நிறைய நடக்கிறது. அப்புறம், குச்சியைக் கக்கத்திலோ சட்டைப் பையிலோ வைத்து உருக்குபவர்களை நானே பார்த்திருக்கிறேன். மைனஸ் 196 டிகிரியில் இருந்ததை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைக்க வேண்டும். அவர் வண்டியை நிறுத்தும்போதே ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீரை நீட்டுங்கள். வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.