"கோப்பு என்னிடம் இல்லை" என்று ஆளாளுக்குக் கைகாட்டினால்

அம்மாவின் உதவித்தொகை திடீரென நின்றுவிட்டது, கொடுத்த ஆவணங்கள் வரவே இல்லை என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள், ஒவ்வொரு முறையும் வேறொருவர் வேறொரு பதில் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இனி வாய்ப்பேச்சை நம்பிக் கிளம்பி வராதீர்கள். வாயால் சொன்னதற்கு அங்கே யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். சொன்னவர் நல்லவராகவே இருந்தாலும் அடுத்த வாரம் அந்த இருக்கையில் வேறு ஆள் இருக்கலாம்.

பேசிய அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "இன்று இன்னார் இப்படிச் சொன்னார், தவறென்றால் திருத்துங்கள்." பெயர் சொல்ல மறுத்தால் அதையும் எழுதுங்கள். ஆவணங்களை மறுபடி கொடுக்கும்போது உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அதைவிட முக்கியம், தொகையை நிறுத்திய முடிவை எழுத்தில் கேட்பது: என்ன காரணம், எந்த விதி, எந்தத் தேதி. மேல்முறையீட்டுக் காலக்கெடு பெரும்பாலும் அந்தக் கடிதத்திலிருந்துதான் ஓடும். அவர்கள் கோப்பைத் தேடுகிறார்கள் என்பதற்காக அது நிற்காது. புகாரையும் மேல்முறையீட்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். புகார் ஊழியர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியது. முடிவை மாற்றுவதற்கான வழி மேல்முறையீடு. புகாருக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தே பலர் கெடுவைத் தவறவிடுகிறார்கள். இரண்டையும் தனித்தனியாக, ஒரே சமயத்தில் போடுங்கள்.

மேல்முறையீட்டு விசாரணை முடியும்வரை தொகை தொடருமா என்றும் கேளுங்கள். சில திட்டங்களில் கேட்டால்தான் தொடரும். தோற்றால் திருப்பிக் கட்ட வேண்டியிருக்குமா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

எதற்கும் அசையவில்லையென்றால், அலுவலகத்தின் மீதான குறைகளை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர் இருக்கிறாரா பாருங்கள். அவர் முதலில் கேட்கப்போவது, நீங்கள் அலுவலகத்துக்கு எழுதியவற்றின் நகல்களைத்தான்.